குற்றவாளியா, சுற்றவாளியா? - கீழ் நீதிமன்றங்களின் அவசரம் பற்றி

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நீதவான் நீதிமன்றமொன்றுக்குப் போனேன். வழக்கு எனக்கில்லை. என்னிடம் பத்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளையொன்றின் வாப்பாவுக்கு. மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி மீன் விற்பவர். முதல்நாள் இரவு வீட்டுக்கு வந்து, "சேர், நீங்க சும்மா பக்கத்துல நிண்டாப் போதும்" என்றார். சிங்களம் அவருக்குத் தெரியாததல்ல. இருபது வருடமாகச் சிங்கள ஊர்களில் மீன் விற்கிறார். விலை பேசுவார், கடனை ஞாபகப்படுத்துவார், பகிடி விடுவார். ஆனாலும் கோட்டுச் சிங்களம் வேறு என்று அவருக்கு ஒரு பயம் இருந்தது.

அவர் மீது மூன்று குற்றச்சாட்டுகள். மோட்டார் சைக்கிளின் வரி அனுமதிப்பத்திரம் காலாவதியாகியிருந்தது. காப்புறுதியும் அப்படித்தான். இந்த இரண்டையும் அவர் மறுக்கவில்லை. மூன்றாவது, கவனயீனமாக ஓட்டினார் என்பது. "நிப்பாட்டி வெச்சிருந்த வண்டி சேர், ஓடவே இல்ல" என்று அதை மட்டும் முழுசாக மறுத்தார்.

நீதவான் வந்து அமர்ந்ததும் போக்குவரத்து வழக்குகளைத்தான் முதலில் எடுத்தார்கள். பெயர் கூப்பிடுவார்கள், ஆள் கூண்டில் ஏறுவார், தாளைப் பார்த்து வேகமாக வாசிப்பார்கள், அவர் ஏதோ சொல்வார், தண்டப்பணம், அடுத்த பெயர். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஆசிரியப் புத்தி. அரை மணித்தியாலத்துக்குள் முப்பது பேர் தாண்டிவிட்டார்கள். எங்கள் மீன்கார நானாவின் முறை வந்தது. அவரும் ஏறினார், "ஓவ்" என்றார், இறங்கினார். மூன்றுக்கும் சேர்த்துத் தண்டம், அதோடு சாரதி அனுமதிப்பத்திரம் மூன்று மாதத்துக்கு இடைநிறுத்தம்.

வெளியே வாகை மரத்தடியில் வைத்து, "மூணாவதுக்கும் ஏன் ஓவ் எண்டீங்க?" என்று கேட்டேன்.

"மூணையும் ஒண்டாத்தான் வாசிச்சாங்க சேர். 'வெரதி, வெரதி' எண்டு ரெண்டு தரம் கேட்டிச்சு. முன்னுக்குப் போன எல்லாரும் ஓவ் எண்டுதான் எறங்கினாங்க. நானும் ஓவ் எண்டுட்டேன்."

பக்கத்திலேயே நின்ற நான் பேசவில்லை. பேசலாமா என்று எனக்கும் தெரியாது.

சட்டம் படித்தவன் அல்லன் நான். ஆனால் அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த "வெரதி" என்னை விடவில்லை. சிங்களத்தில் கேட்கப்படும் கேள்வி, "வெரதிகருத, நிவெரதிகருத?" என்பது. பிழை செய்தவரா, பிழை செய்யாதவரா? இரண்டு சொல்லுக்குள்ளும் "வெரதி" இருக்கிறது. முன்னால் நிற்கும் "நி" என்ற ஓரெழுத்துத்தான் ஒரு மனிதனைக் குற்றத்திலிருந்து பிரிக்கிறது. விறுவிறுவென்று வாசிக்கும்போது அந்த "நி" யாருடைய காதில் விழும்? சரி, தமிழ் நீதிமன்றத்தில் பெரிய வாசியா என்று பார்த்தால், அங்கே "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்று கேட்கிறார்கள். சுத்தவாளி என்று நம் பெரியவர்கள் சொல்லும் சொல்தான் எதுகைக்காகச் சுற்றவாளி ஆனதோ என்று எனக்கொரு சந்தேகம். எப்படியோ, இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் முதலெழுத்து மட்டும். என் வகுப்பில் நாற்பது பிள்ளைகளிடம் "சுற்றவாளி என்றால் என்ன?" என்று கேட்டேன். "சுற்றித் திரிபவன்" என்றான் ஒருவன். அவனைக் குறை சொல்ல முடியவில்லை.

பிறகு ஒரு சட்டத்தரணி நண்பரிடம் வாங்கி, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையைப் புரட்டினேன். அங்கே எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. நீதவான் குற்றச்சாட்டை வாசித்துக் காட்டிவிட்டு எதிராளியிடம் கேட்க வேண்டியதாகச் சட்டம் சொல்வது அந்த இரட்டைச் சொல் கேள்வி அன்று. உம்மைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்பதற்குக் காட்டுவதற்கு ஏதேனும் காரணம் உண்டா என்று கேட்க வேண்டும் என்பதே 182ஆம் பிரிவின் சாரம். அதற்கு அவர் சொல்லும் பதில் நிபந்தனையேதுமின்றிக் குற்றத்தை ஏற்பதாக இருந்தால், அதை இயன்றவரை அவருடைய சொற்களிலேயே எழுதிக்கொண்டு தீர்ப்பளிக்கலாம் என்கிறது 183ஆம் பிரிவு. தண்டனை வழங்கு முன் நீதவானின் அனுமதியோடு அந்த ஒப்புதலை வாபஸ் பெறவும் அதே பிரிவில் இடமுண்டு.

வினாத்தாள் தயாரிக்கும் எவருக்கும் இந்த வித்தியாசம் விளங்கும். "காரணம் உண்டா?" என்பது விடையை எழுதச் சொல்லும் வினா. "குற்றவாளியா, சுற்றவாளியா?" என்பது சரியா பிழையா என்று அடையாளமிடச் சொல்லும் வினா. முதலாவதைக் கேட்டிருந்தால் மீன்கார நானா, "வண்டி நிண்டது" என்று சொல்லியிருப்பார். சிங்களத்திலேயே சொல்லியிருப்பார், அந்த அளவு அவருக்கு வரும். சட்டம் அவரிடம் பேச்சைக் கேட்டது. நடைமுறை அதை ஓர் அசைக்குச் சுருக்கிவிட்டது. யாரும் சதி செய்து சுருக்கவில்லை. முப்பது பேரை அரை மணித்தியாலத்தில் முடிக்க வேண்டுமென்றால் அப்படித்தான் சுருங்கும்.

நீதவான்மாரையும் நான் பழிக்கவில்லை. நாட்டு நீதிமன்றங்களில் தேங்கிக் கிடக்கும் வழக்குகள் பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டன என்பது பாராளுமன்றத்திலேயே பேசப்பட்ட விடயம். அந்தச் சுமையின் பெரும்பகுதி விழுவது நீதவான் நீதிமன்றத்தின் தலையில். பொலிஸார் பீ அறிக்கையோடு வரும் சந்தேகநபர் முதல் தாபரிப்பு வழக்கு வரை எல்லாம் அங்கேதான் வருகின்றன. தாமதமும் ஒரு கொடுமைதான். குற்றம் நிரூபிக்கப்படாமலேயே விளக்கமறியலில் மாதக்கணக்காகக் கிடப்பவரிடம் போய் "அவசரப்படாதீர்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. பிணை கொடுப்பதே விதி, மறுப்பது விலக்கு என்று 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் சொன்ன பிறகும் சிறைகள் கொள்ளளவுக்கு மேல் நிரம்பித்தான் வழிகின்றன.

ஆகவே விரைவுபடுத்துவது என்றாலே கூடாது என்று நான் எழுத வரவில்லை. எந்த விரைவு யாருடைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்றுதான் பார்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி வந்த மத்தியஸ்த சபையை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாடசாலை மண்டபத்தில்தான் வாரஇறுதியில் கூடுகிறது. வேலிச் சண்டை, சில்லறைக் கடன், கைகலப்பில் சிறுகாயம் என்று வருவார்கள். இரு பக்கமும் ஒரே மேசையில், தத்தம் பேச்சுமொழியில், ஒருவரையொருவர் இடைமறித்து, சில வேளை அழுது, பேசி முடிப்பார்கள். கதிரைகளைத் திங்கட்கிழமை நாங்கள் திரும்ப அடுக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அதில் ஒரு குறையுமில்லை. நீதிமன்றத்துக்கும் சுமை குறைகிறது, மனிதர்களும் பேசுகிறார்கள். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டமும் அந்த வகையில் நல்லதே. சிறைக்கு அனுப்பாமல் ஊரிலேயே வேலை செய்து தீர்க்க வழி காட்டுகிறது.

அந்த இடத்திலேயே எழுதிக் கொடுக்கும் தண்டப்பணச் சீட்டு இன்னொரு வகை. சீட்டை வாங்கி 14 நாட்களுக்குள் தபாற்கந்தோரில் கட்டினால் கோட்டுக்குப் போகத் தேவையில்லை. 2025இலிருந்து கையடக்கத் தொலைபேசியாலேயே கட்டவும் வழி செய்து வருகிறார்கள். பிழை செய்தவருக்கு இது பெரிய உபகாரம், ஒரு நாள் கூலி மிச்சம். ஆனால் பிழை செய்யாதவருக்கு? கட்டினால் கதை முடிந்தது. "நான் செய்யவில்லை" என்று சொல்ல விரும்பினால் நீதிமன்றம் போக வேண்டும். போனால் ஒரு தவணையில் முடியாது. ஒவ்வொரு தவணையும் ஒரு நாள் உழைப்பு. ஆகக் குற்றத்தை ஏற்பது மலிவு, மறுப்பது விலை. கம்பனி வாகனத்தின் சாரதிக்கும் மீன்காரருக்கும் தண்டப்பணம் ஒன்றுதான். மறுப்பதன் விலை மட்டும் ஒன்றல்ல.

இந்த விலைவாசி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உதாரணம் தேடத் தூரம் போகத் தேவையில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம்முடைய நீதவான் நீதிமன்றத்தையும் அதன் நடைமுறையையும் விட்டுவிட்டுப் போனவர்கள் ஆங்கிலேயர். அவர்களுடைய சொந்த நாட்டில் இந்த இருபது வருடத்தில் அதே நீதிமன்றத்தை எவ்வளவு வேகமாக்கலாம் என்று பார்த்திருக்கிறார்கள். நாம் இப்போது ஆரம்பிக்கும் பாதையில் அவர்கள் வெகுதூரம் போய்விட்டார்கள். அதனால் அங்கே நடந்ததை அறிந்துகொள்வது நல்லது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010இல் 323 நீதவான் நீதிமன்றங்கள் இருந்தன. அடுத்த பத்து வருடத்துக்குள் அவற்றில் பாதியளவு மூடப்பட்டன. செலவு மிச்சம்தான். பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் போக வேண்டிய எதிராளியின் செலவு அந்தக் கணக்கில் வரவில்லை. முதல் தவணையிலேயே குற்றத்தை ஏற்றால் தண்டனையில் மூன்றிலொரு பங்கு குறையும். இதுகூடப் பரவாயில்லை எனலாம். 2015 ஏப்ரலில் நீதிமன்றக் கட்டணம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். குற்றவாளியாகக் காணப்படுபவர் தண்டப்பணத்துக்கு மேலதிகமாக இதையும் கட்ட வேண்டும். சிறு குற்றத்தை ஆரம்பத்திலேயே ஏற்றால் 150 பவுண். மறுத்து வழக்காடித் தோற்றால் குற்றத்தின் வகைக்கேற்ப 1,000 பவுண் வரை. கையில் காசில்லாத ஒருவர், தாம் செய்யாததை மறுப்பதற்கு இந்த வித்தியாசத்தைப் பந்தயம் கட்ட வேண்டும். நீதவான்களே கொதித்துப் போனார்கள். பலர் பதவி விலகினார்கள். அங்கே பெரும்பாலான நீதவான்கள் சம்பளமில்லாமல் சேவையாக அமர்பவர்கள் என்பதால் விலகுவது கொஞ்சம் இலேசு என்று வையுங்கள், ஆனாலும் விலகினார்கள். அதே வருடம் டிசம்பரில் அரசாங்கம் அதைக் கைவிட்டது.

கைவிடாத ஒன்றுதான் எனக்குப் பெரிய பாடமாகப் படுகிறது. அதே 2015இல் ஆரம்பித்த தனி நீதவான் நடைமுறை. சிறைத்தண்டனை கிடைக்க முடியாத சிறு குற்றங்களுக்கு இது பொருந்தும். காப்புறுதியில்லாத வாகனம், அனுமதிப்பத்திரமில்லாத தொலைக்காட்சி போன்றவை. குற்றச்சாட்டு தபாலில் வரும். 21 நாட்களுக்குள் பதில் போட வேண்டும். போடாவிட்டால் ஒரு நீதவான், சட்ட ஆலோசகர் ஒருவரை வைத்துக்கொண்டு, தாள்களை மட்டும் பார்த்துத் தீர்ப்பளிப்பார். எதிராளி இல்லை, வழக்குத் தொடுநர் இல்லை, பார்வையாளர் வாங்கும் இல்லை. குற்றத்தை ஏற்று, "எனக்கு வருத்தம், ஆஸ்பத்திரியில் கிடந்தேன்" என்று ஒருவர் கடிதம் எழுதினாலும், அதைப் பார்த்து "சரி, இந்த வழக்கை விட்டுவிடுவோம்" என்று சொல்ல வழக்குத் தொடுநர் அந்த இடத்தில் இருப்பதில்லை. மறதி நோயாளிகள்கூட இப்படித் தண்டிக்கப்பட்ட செய்திகள் அங்கே பத்திரிகைகளில் வந்தபடியே இருந்தன.

2024 ஆகஸ்டில் ஒரு விடயம் வெளிச்சத்துக்கு வந்து முடிந்தது. ரயிலில் சீட்டில்லாமல் பயணம் செய்ததாகச் சாட்டப்பட்ட ஒரு வகை வழக்குகளை இந்த நடைமுறையின்கீழ் விசாரிக்கவே சட்டத்தில் இடமில்லை. ஆனால் ரயில் கம்பனிகள் தாக்கல் செய்தன, நீதிமன்றங்கள் வருடக்கணக்கில் தீர்த்துத் தள்ளின. பிரதம நீதவான் போல் கோல்ட்ஸ்பிரிங் அந்தத் தீர்ப்புகள் செல்லாதவை என்று அறிவித்தபோது எண்ணிக்கை ஏறத்தாழ 74,000. ஒன்றிரண்டு பிழை எங்கும் நடக்கும். எழுபத்து நாலாயிரம் தடவை ஒரே பிழை நடந்தும் தெரியாமல் இருந்தது எப்படி? திறந்த மன்றத்தில் ஒரு சட்டத்தரணியாவது, ஒரு முரட்டு எதிராளியாவது எழுந்து "இதை இங்கே விசாரிக்க முடியுமா?" என்று கேட்டிருப்பார். கேட்பதற்கு அறையில் ஆளில்லை.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் கோவலன் ஞாபகம் வராமல் இருக்காது. பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டுப் பாண்டியன் ஆணையிட்டான். கோவலனை அவன் கண்ணால் காணவேயில்லை. மிக விரைவான நீதி. அதே மன்னன் கண்ணகியை அவைக்குள் விட்டுக் கேட்டபோது வழக்கு ஒரேயொரு விடயத்தில் முடிந்துவிட்டது, சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்பதில். அந்த விசாரணைக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? சாதாரணதரப் பிள்ளைகளுக்கு இதைப் படிப்பிக்கும்போதெல்லாம் கற்பின் வலிமை பற்றியே பேசிவந்தேன். இப்போது கேட்கப்படாமல் போன அந்த முதல் விசாரணை பற்றியும் பேசுகிறேன்.

நம் நாட்டுக்குத் திரும்புவோம். நம்மிடம் கடதாசியில் உரிமைகளுக்குக் குறைவில்லை. குற்றஞ்சாட்டப்பட்ட எவரும் தானாகவோ சட்டத்தரணி மூலமோ கேட்கப்பட உரித்துடையவர் என்று அரசியலமைப்பின் 13(3)ஆம் உறுப்புரை சொல்கிறது. மன்றத்தின் மொழி தெரியாத தரப்பினருக்கு அரசு மொழிபெயர்ப்பு வழங்க வேண்டும் என்று 24(3) சொல்கிறது. விளங்காத மொழியென்றால் மொழிபெயர்ப்பாளரின் உதவி, தேவையான இடத்தில் காசில்லாத சட்ட உதவி என்று 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இன்னொரு தரம் சொல்கிறது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி சட்ட உதவி ஆணைக்குழுவும் இருக்கிறது. இலங்கை முஸ்லிம்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வடக்குக் கிழக்குக்கு வெளியே வாழ்கிறோம். அங்கே மன்றத்தின் மொழி சிங்களம். ஆகவே 24(3) நமக்கு ஏட்டுச் சுரைக்காயாக இருக்க முடியாது. அதைச் சமைப்பவர் முதலியார். மன்றத்தில் மொழிபெயர்க்கும் உத்தியோகத்தரை ஜனங்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். மீன்கார நானாவின் வழக்கன்று அந்த மன்றத்தில் முதலியார் இருக்கவில்லை. அவரில்லை என்பதற்காக வழக்குகள் நிற்கவுமில்லை.

திரையில் நடக்கும் தவணைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொரோனாக் காலத்தில் விளக்கமறியலில் உள்ளவர்களைச் சிறையிலிருந்தே காணொளியில் முன்னிலைப்படுத்தினார்கள், 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டமும் தொலைவிலிருந்து நடத்தும் நடவடிக்கைகளுக்கு இடமளித்தது. பஸ் செலவு, காவலர் செலவு எல்லாம் மிச்சம் என்பதால் அது நிரந்தரமாக வேண்டும் என்ற பேச்சு உண்டு. ஆனால் கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுவர வேண்டும் என்பதற்குப் பின்னால் ஒரு பழைய காரணம் இருக்கிறது. நீதவான் அந்த மனிதரின் உடம்பைக் கண்ணால் பார்க்க வேண்டும். நொண்டுகிறாரா, முகம் வீங்கியிருக்கிறதா, பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துப் பயப்படுகிறாரா என்பது திரையின் சிறு சதுரத்தில் தெரியாது.

அவசரத்தின் செலவு சிறைக்கணக்கில் வந்து சேர்கிறது. தண்டனை பெற்று வருடந்தோறும் நம் சிறைகளுக்குள் நுழைபவர்களில் பாதிக்கும் அதிகமானோர், சிறைத்தண்டனை விதிக்கப்பட்டவர்கள் அல்லர். தண்டப்பணம் விதிக்கப்பட்டு, அதைக் கட்ட முடியாமல் போனவர்கள். "உம்மால் எவ்வளவு கட்ட முடியும்? எத்தனை தவணையில்?" என்று கேட்க மேலும் இரண்டு நிமிடம் எடுத்தால் அவர்களில் எத்தனை பேர் வெளியே இருப்பார்கள்! அந்த இரண்டு நிமிடம் மன்றத்துக்கு மிச்சமாகிறது. பிறகு ஒரு மாதச் சாப்பாட்டை அரசாங்கம் சிறையில் கொடுக்கிறது. இது எந்த ஊர்ச் சிக்கனம் என்று எனக்கு விளங்கவில்லை.

மீன்கார நானாவின் தீர்ப்பை என்ன செய்யலாம் என்று நண்பரிடம் கேட்டேன். தானே ஏற்றுக்கொண்ட குற்றத்துக்கு மேன்முறையீடு கடினம், மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்டுப் பார்க்கலாம் என்றார். அதற்காகும் செலவைக் கேட்டதும் நானா சிரித்தார். "மூணு மாசந்தானே சேர்." அந்த மூன்று மாதமும் அவருடைய மச்சான் வண்டி ஓட்ட, இலாபத்தில் பாதி போனது. மகள் தனியார் வகுப்புக்குப் போவதை நிறுத்தினாள். அவள் என் வகுப்பில்தான் இருந்தாள் என்பதால் எனக்குத் தெரியும்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. அவருக்கு ஒரு வசனம் பாடமாக்கிக் கொடுத்தேன். "ஸ்வாமினி, மட தெமளென் கியன்ன." எனக்குத் தமிழில் சொல்லுங்கள், கனம் நீதவான் அவர்களே. அவருக்குப் பிடித்துப் போய், சந்தையில் மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

இந்த வருடம் அவருக்கு மறுபடியும் ஒரு வழக்கு. பாதையோரத்தில் பெட்டியை இறக்கி வைத்து இடைஞ்சல் செய்தாராம். கூண்டில் ஏறி, குற்றச்சாட்டை வாசிக்கத் தொடங்கியதும் அந்த வசனத்தைச் சத்தமாகச் சொன்னார். நீதவான் நிமிர்ந்து பார்த்தார். கோபிக்கவில்லை, மரியாதையாகவே முதலியாரை அழைக்கச் சொன்னார். முதலியார் அன்று வேறொரு மன்றத்தில் கடமையில் இருந்தார். வழக்கு மூன்று வாரத்துக்குத் தவணையிடப்பட்டது.

வெளியே வந்ததும் நானா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பதினொன்றரை. அன்று மீன் எடுக்கப் போகவில்லை.

"ஓவ் எண்டிருந்தா பத்து மணிக்கே போயிருக்கலாம் என்ன சேர்?" என்றார்.

அடுத்த தவணைக்கும் நான் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.